தொட்டித் தண்ணீர் வெளுத்தால் கழுவ ஓடாதீர்கள்

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டடி மீன் தொட்டி வைத்தான். அடியில் செம்மண், மேலே ஆற்று மணல், பின்வரிசையில் வேலம்பாசிச் செடி, ஆறு குப்பி மீன். ஆறாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவிவிட்டு, “அண்ணா, இப்ப வந்து பாருங்கண்ணா, பளிங்கு மாதிரி இருக்கு” என்று கூப்பிட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2009-இல் நானும் இதையேதான் செய்தேன்.

தீனி அதிகம் போடக்கூடாது, சோப்பு படக்கூடாது என்பதெல்லாம் மீன் கடையிலேயே சொல்லி அனுப்புவார்கள். அவற்றை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

என்ன கலங்கல் என்று பார்க்காமல் வைத்தியம் செய்வது

கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வையுங்கள். பச்சையாகத் தெரிந்தால் பாசி. இரவு முழுக்க வைத்ததில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் மண். வெளிர் டீ நிறம் என்றால் தொட்டியில் வைத்த மரக்கட்டையின் சாயம், மீனுக்குக் கெடுதல் இல்லை. பால் கலந்ததுபோல் அப்படியே நின்றால் பாக்டீரியா.

வெளுத்ததும் ஃபில்டரைக் குழாயடியில் கழுவுவது

நீரை வெளுக்க வைக்கும் பாக்டீரியா மிதந்தபடியே மிச்சத் தீனியையும் அழுகிய இலையையும் தின்று மளமளவென்று பெருகும். இன்னொரு கூட்டம் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழும். மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது இந்தக் கூட்டம்தான். புதுத் தொட்டியில் இது காலூன்ற 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் போவது இந்தக் கூட்டம். வெளுப்போ மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடும்.

2009-இல் நான் பிளீச்சிங் வாடை அடிக்கும் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் புதுசுபோல ஆகும்வரை பிழிந்தேன். ஐந்தாம் நாள் காலை, 12 நியான் டெட்ரா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் சிவந்திருந்தது. சாயங்காலத்துக்குள் 9 செத்தன. பதறிப்போய் மறுபடியும் முழுத் தண்ணீரையும் மாற்றினேன். மிச்சம் மூன்றும் போயின. அந்த இரண்டாவது கழுவலை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். அந்த வெள்ளைக் கூட்டம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் வெயிலில் சூடான நீரில் அது ஏற்கெனவே குறைவு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா காட்டினால், குளோரின் நீக்கிய நீரால் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். ஃபில்டரின் ஓட்டம் குறைந்தால்தான் ஸ்பாஞ்சைத் தொட வேண்டும், அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு பிழி.

பையனுக்கு, அந்த நல்ல கூட்டம் குடியிருக்கும் என் பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, ஈரத்தோடு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அதை அவன் ஃபில்டரில் வைத்தோம். நாலாம் நாள் பின்பக்க வேலம்பாசி தெரிய ஆரம்பித்தது. ஆறு குப்பியும் உயிரோடு இருக்கின்றன.

படிகாரம், தேத்தாங்கொட்டை

குடத்துக்கு நல்லது. தொட்டிக்கு வேண்டாம்.

சில்வர் பீச் மணல்

அள்ளாதீர்கள். அதிலுள்ள கிளிஞ்சல் துணுக்கு கரைந்து கரைந்து நீரைக் கடினமாக்கும்.

செம்மண் தொட்டியில் நேராகத் தண்ணீர் கொட்டுவது

ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றுங்கள்.

பச்சைத் தண்ணீருக்கு மருந்து வாங்குவது

முதலில் ஜன்னல் வெயிலிலிருந்து தொட்டியை நகர்த்துங்கள். மூன்று நாள் கனமான போர்வையால் மூடி, ஏர் பம்ப்பை மட்டும் ஓடவிடுங்கள். அப்புறம் பாதித் தண்ணீரை மாற்றி, தினமும் விளக்கை 6 மணி நேரத்தோடு அணையுங்கள்.

கரண்ட் போனதும் ஃபில்டரை அப்படியே விடுவது

மூடிய ஃபில்டருக்குள் காற்றில்லாமல் சில மணி நேரத்திலேயே பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் நீர் மொத்தமும் தொட்டிக்குள் பாயும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, ஸ்பாஞ்சைக் கழற்றித் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டேன். மணிக்கு ஒரு தரம் செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். இரவில் நானும் வீட்டிலும் முறை வைத்துக்கொண்டோம். தண்ணீர் கலங்கவில்லை.