பலாப்பழத்தைத் தட்டி ஒரு பீட்: குரூவ்பாக்ஸில் முதல் பாடம்

பண்ருட்டிச் சந்தையில் பழம் வாங்குபவர் விரலால் தட்டிப் பார்ப்பார் இல்லையா, அந்த ‘தொம்’ சத்தம்தான் என் முதல் கிக் டிரம், அதாவது பீட்டின் கனத்த அடி. கடலூரில் ஸ்டுடியோ தேடி அலைய வேண்டாம். கால்குலேட்டர் அளவில், இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும் பாக்கெட் ஆபரேட்டர் பிஓ-33 போதும். ஒலிகளைப் பதிந்து, அவற்றை அடுக்கித் தாளமாக ஓட்டும் குட்டி இசைக்கருவி, அதாவது ஒரு குரூவ்பாக்ஸ். மைக்கும் ஸ்பீக்கரும் அதிலேயே உண்டு. 1996இல் ரோலண்டு நிறுவனத்தின் எம்சி-303 வந்தபோது அந்தப் பெயர் பரவியது. நம் பிஓ-33 அதன் பேரப்பிள்ளை.

முதலில் ஒலி சேகரிப்போம். ரெக்கார்டு பட்டனோடு எண் 1ஐயும் அழுத்திப் பிடித்துப் பழத்தைத் தட்டுங்கள். விட்டால் பதிவு நின்றுவிடும். 2இல் கைத்தட்டல், 3இல் டப்பாவில் குலுக்கிய முந்திரி. மொத்த நினைவகமே 40 விநாடிதான், ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குள் முடியட்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையைப் பதிவு செய்யப் போய் வெறும் காற்றிரைச்சலோடு திரும்பினேன். கரையில் நிற்கும் படகின் மறைவில் உட்கார்ந்தால் தப்பிக்கலாம்.

அடுத்து, சவுண்டு பட்டனோடு 1ஐ அழுத்திப் பழத்தைத் தேர்ந்தெடுங்கள். எண்களைத் தட்டினால் அதே ஒலி வேறு வேறு சுருதியில் வரும். தாழ்ந்ததாக ஒன்றைத் தட்டிவிட்டு ரைட் (write) பட்டனை அழுத்துங்கள். இப்போது 16 எண்களும் வரிசையாக ஒலிக்கும் 16 கட்டங்கள். 1, 5, 9, 13இல் பழம். இதேபோல் 5, 13இல் கைத்தட்டல். 3, 7, 11, 15இல் முந்திரி. பிளே!

டிஸ்கோ மாதிரி இருக்கிறதா? சரி, இனிதான் நம் வேலை. வாயால் ‘தகிட தகிட தகிட தகிட தகதிமி’ சொல்லிப் பாருங்கள். 3+3+3+3+4, கணக்குப் பார்த்தால் அதே 16. பழத்தை 1, 4, 7, 10, 13க்கு மாற்றுங்கள், கைத்தட்டலைத் தொடாதீர்கள். இரண்டும் இடித்துக்கொள்ளும் இடத்தில்தான் கால் தானாக ஆடும். எந்த எண் எங்கே என்று மனப்பாடம் செய்வதைவிட, சொற்கட்டை முதலில் வாயில் பிடித்துவிடுவது எனக்கு எளிது.

வேகத்துக்கு பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) பட்டன். 120 வைத்தால் 16 கட்டமும் இரண்டே விநாடியில் ஓடிவிடும். ஆரம்பத்தில் 80 போதும்.

பிளே ஆகும்போதே எஃப்எக்ஸ் (ஒலியை உருமாற்றும் எஃபெக்ட்) பட்டனோடு எண்களை அழுத்தி விளையாடலாம். இதற்குப் பாடம் தேவையில்லை. அப்புறம், சின்ன ஸ்பீக்கரில் கிக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், பழம் அடிவயிற்றில் இடிக்கும்.