கணினியில் மரபுச் சீன எழுத்துகளைத் தட்டச்சு செய்யும் முறை

தைவானிலும் ஹாங்காங்கிலும் வழங்கும் மரபுச் சீன எழுத்துகளைத் தட்டச்சு செய்யத் தனி விசைப்பலகை வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதியைத் திறந்து, தைவானுக்குரிய மரபுச் சீனத்தைச் சேர்த்தால் போப்போமோஃபோ உள்ளீட்டு முறை கிடைத்துவிடும். விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும்.

போப்போமோஃபோவில் 37 ஒலிக்குறிகளைக் கொண்டு உச்சரிப்பை உள்ளிட்டபின் தொனியையும் (குரலின் ஏற்ற இறக்கத்தையும்) இட வேண்டும்: முதல் தொனிக்கு இடைவெளி விசை, இரண்டாவதற்கு 6, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 4. எழுத்தின் வடிவம் தெரிந்து உச்சரிப்பு தெரியாதவர்களுக்கு, சூ பாங்ஃபூ 1976இல் உருவாக்கிய சாங்ஜியே முறையே ஏற்றது. அதில் எழுத்தின் உறுப்புகளை விசைகள் குறிக்கும்: ஏ (A) விசை சூரியன், பி (B) விசை நிலா. இரண்டையும் அடுத்தடுத்து அடித்து இடைவெளி விசையை அழுத்தினால், அவ்விரு உறுப்புகளும் இணைந்து வெளிச்சத்தைக் குறிக்கும் எழுத்து திரையில் தோன்றும். பழக நாளாகும் என்றாலும், பழகியவர்களுக்குப் பட்டியலில் தேடும் வேலை பெருமளவு குறைந்துவிடும் என்பதால் அந்த உழைப்பு வீணாகாது.

சீன உச்சரிப்பை ரோமன் எழுத்துகளில் எழுதும் பின்யின் மட்டும் அறிந்தவர்கள், மைக்ரோசாஃப்ட் பின்யினில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் விசைகளை ஒருசேர அழுத்தி மரபு வடிவத்துக்கு மாறலாம். எளிமையாக்கப்பட்ட சீனத்தில் தலைமுடிக்கும் அனுப்புதலுக்கும் ஒரே எழுத்துதான். மரபு முறையிலோ இரண்டும் வெவ்வேறு. ஆகவே இவ்வழியில் எழுதியவற்றை ஒருமுறை கண்ணால் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.