‘புளிக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள்: லாம்பிக் பியரை ருசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோர் புளிக்கும். எலுமிச்சை புளிக்கும். வினிகரும் புளிக்கும். இந்த மூன்றையும் ஒரே புளிப்பு என்று நம் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊறிய பெல்ஜியத்து லாம்பிக் பியரைக் குடித்துவிட்டு எழுதும்போது மட்டும் பலர் ‘புளிக்கிறது’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். பிடித்தவர் அதற்காகவே மதிப்பெண்ணைக் கூட்டுகிறார். பிடிக்காதவர் அதற்காகவே குறைக்கிறார். இரண்டையும் படிப்பவருக்கு அந்தப் பாட்டிலைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

எந்தப் புளிப்பு என்று சொல்ல வேண்டுமானால், அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே சென் ஆற்றை ஒட்டிய ஊர்களிலும்தான் லாம்பிக் வடிக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் என்ற பியர் ஆலை இன்றும் பழைய முறையிலேயே செய்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியோடு (மால்ட்) மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைக்கட்டாத கோதுமை சேர்த்துக் காய்ச்சுவார்கள். பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ புதியதாக இருக்காது. கசப்பு போவதற்காகச் சில ஆண்டுகள் வைத்திருந்த பழைய ஹாப்ஸைத்தான் போடுவார்கள். காய்ச்சிய சாற்றைக் கூரைக்கு அடியில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி ஓர் இரவு திறந்தே விட்டுவிடுவார்கள். காற்றிலும் மரத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து சேரும். ஈஸ்ட் எதுவும் போடாமலே இட்லி மாவு புளிப்பதும் இதே மாதிரிதான். இரவு குளிர வேண்டும் என்பதால் ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் வேலை நடக்கும்.

அப்புறம் பீப்பாய். முதலில் சாதாரண ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்கும். சில மாதங்கள் கழித்து பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். அந்தக் கட்டத்தில் பியர் சில சமயம் எண்ணெய் போலத் தடித்து, நூல் நூலாக இழுக்கும். அதைச் சரிசெய்வது பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த கிளாவுசன் 1904-இல் பெயர் வைத்தது அதற்குத்தான். கொட்டகை வாசனை, தோல் வாசனை, பழ வாசனை எல்லாம் அதன் வேலை. இப்படி ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகள் ஊறியவற்றைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளசான லாம்பிக்கில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைத் தரும்.

இது தெரிந்தால் முதல் தவறைத் தவிர்த்துவிடலாம். லாக்டிக் புளிப்பு தயிர்ப் புளிப்பு. உருண்டையாக, நாக்கின் ஓரங்களில் நிற்கும். அசெட்டிக் புளிப்பு வினிகர். நாக்குக்கு முன்பே மூக்கில் குத்தும், விழுங்கும்போது தொண்டையை எரிக்கும். காற்று அதிகமாகப் பட்ட பீப்பாயில்தான் அது கூடும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை வந்தால் அது எத்தில் அசிட்டேட். கொஞ்சம் இருந்தால் பழ வாசனை போல இருக்கும், கூடிவிட்டால் பாட்டிலையே கெடுத்துவிடும். உங்கள் குறிப்பில் இவற்றில் எது, எவ்வளவு என்று இரண்டு சொல் இருந்தால் போதும், படிப்பவருக்கு அது பெரிய உதவி.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொருத்திவிட முடியாது. மேற்கு ஃபிளாண்டர்ஸில் ரூசலாரே ஊரின் ரோடன்பாக் ஒரு செம்பழுப்பு பியர். ஆளுயரத்தைத் தாண்டிய ஓக் தொட்டிகளில் இரண்டு ஆண்டுகள் ஊறுகிறது. அதன் ‘கிராண்ட் குரு’ என்ற வகை மூன்றில் இரண்டு பங்கு ஊறியது, ஒரு பங்கு இளசு. அதில் லேசான வினிகர் சாயல் இருப்பதுதான் அழகு. அதே அளவு ஒரு கூஸில் இருந்தால் நான் குறை என்றே எழுதுவேன். கலக்காத லாம்பிக்கைக் குடத்திலிருந்து ஊற்றித் தருவார்கள். அதில் நுரையே இருக்காது. அதைப் ‘பொங்கவில்லை, பழசாகிவிட்டது’ என்று எழுதுவது பியரின் குற்றமல்ல. அதேபோல, சில நாட்களிலேயே கொதிகலனில் வைத்துப் புளிக்க வைக்கும் பியர்களும் உண்டு. அவற்றில் கொட்டகை வாசனையைத் தேடி ஏமாறக் கூடாது. ருசிப்பதற்கு முன் அது என்ன வகை என்று லேபிளில் பார்ப்பது ஏமாற்று வேலை ஆகாது.

குளிர்ச்சி அடுத்த பிரச்சினை. ஐஸ் பெட்டியிலிருந்து நேராக எடுத்த கூஸில் புளிப்பும் நுரையும் மட்டுமே தெரியும், மற்றதெல்லாம் ஒளிந்துகொள்ளும். ஒரு கடையில் எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். ‘கூர்மையான புளிப்பு, வேறொன்றும் இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டு, பேச்சில் அரை மணி நேரம் போனபின் மறுபடி ஒரு வாய் குடித்தேன். நார்த்தங்காய்த் தோல், காய்ந்த புல், பின்னால் ஈர மரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. முதலில் எழுதியதை அடித்துவிட்டேன். பத்திலிருந்து பதிமூன்று டிகிரிதான் இதற்குச் சரி. நம் ஊர் வெயிலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தாலே வந்துவிடும்.

இனி சொல்வதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு: முதல் வாய் குடித்த உடனே எழுதுவது. சில புளிப்பு பியர்களில் ஒரு குறை மூக்குக்குத் தெரியவே தெரியாது. பியரின் அமிலத்தில் அது அடங்கிக் கிடக்கும். விழுங்கியபின் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்ததும், சில நொடிகள் கழித்துத் தொண்டையின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி வரும். எலி வாடை, பழைய தானிய மூட்டை வாடை, நமத்துப்போன பிஸ்கட் வாடை என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். டெட்ராஹைட்ரோபிரிடின் என்று அந்தப் பொருள்களுக்குப் பெயர். சிலருக்கு அது உடனே பிடிபடும், சிலருக்குத் தெரியவே தெரியாது. ஒரே பாட்டிலைக் குடித்த இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்; இருவரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். அதனால் விழுங்கிவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள், பிறகு எழுதுங்கள். பாட்டிலில் அடைத்துச் சில வாரங்களே ஆனதில் இந்த வாடை இருந்தால் பல மாதம் கழித்து அது தணிந்தும் போகலாம். எனவே அடைத்த தேதியையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

பாட்டிலை ஆட்டாதீர்கள். அடியில் ஈஸ்ட் படிவு இருக்கும். பெல்ஜியத்தில் பல இடங்களில் பாட்டிலைப் படுக்கவைத்தே வைத்திருந்து, சிறு கூடையில் சாய்த்தபடியே ஊற்றுவது அதனால்தான். அடிக்கலங்கலைத் தனியாக ஒரு வாய் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து மதிப்பெண் போட வேண்டாம்.

ஒரே அமர்வில் எட்டுப் பத்து பாட்டில் திறப்பதும் வேண்டாம். அமிலம் நாக்கை மரத்துப்போகச் செய்யும். நாலாவதற்கு மேல் நிதானமாக இருப்பதெல்லாம் சப்பென்று தெரியும், சத்தம் போடுவது மட்டும்தான் ஜெயிக்கும். ‘எவ்வளவு புளிப்போ அவ்வளவு உயர்வு’ என்ற எண்ணம் இப்படிப்பட்ட கூட்டங்களில்தான் வளர்கிறது என்று நினைக்கிறேன். நல்ல கூஸில் புளிப்பு தாங்கிப் பிடிக்கும், முன்னால் வந்து நிற்காது. மூன்று பாட்டில், நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

வயதைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. கூஸ் பத்து, இருபது ஆண்டு தாங்கும் என்பது உண்மை. அதற்காகச் செர்ரி ஊறிய க்ரீக்கை அலமாரியில் பூட்டி வைத்தால் பழம் போய்விடும், புளிப்பு மட்டும் மிஞ்சும். க்ரீக்கை இளசிலேயே குடியுங்கள். இன்னொன்று, க்ரீக் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. இனிப்புச் சேர்த்து விற்பவையும் உண்டு. கூஸுக்கு முன்னால் ‘அவுடே’ (Oude, ‘பழைய’) என்ற சொல் இருந்தால் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இருக்கிறது: கலந்த லாம்பிக்கின் சராசரி வயது ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும், மிகப் பழையது மூன்று ஆண்டாவது மரத்தில் ஊறியிருக்க வேண்டும். இனிப்பானதை இதோடு வைத்து ஒப்பிட்டால் இரண்டுக்குமே அநியாயம்.

கிடைப்பதற்கு அரிது என்பதற்காக மதிப்பெண்ணைக் கூட்டும் பழக்கமும் உண்டு. யாரையாவது விட்டு லேபிளை மறைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, சொற்கள். இந்தப் பியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘குதிரைப் போர்வை வாசனை’ என்பதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். குதிரைப் போர்வையை முகர்ந்திராத நாம் அதை எழுதினால் எழுதுகிறவருக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது. நமக்கு நனைந்த வைக்கோல் தெரியும். மாட்டுக்கொட்டகை தெரியும். மழைக்குப் பிந்தைய சுண்ணாம்புச் சுவர், புதுத் தோல்செருப்பு, அரிநெல்லி, பச்சை மாங்காய்க் காம்பின் பால், புளித்த மோர் எல்லாம் தெரியும். துவர்ப்பு என்று நமக்குத் தனிச் சொல்லே இருக்கிறது. ஓக் மரம் நாக்கில் செய்வது அதைத்தான்.

நான் இப்போது ஒரு பாட்டிலுக்கு இரண்டு முறை எழுதுகிறேன், திறந்ததும் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. போன முறை ஒரு கூஸுக்கு எழுதியது இது: ‘8.10: மோர்ப் புளிப்பு, நுரை அதிகம், மூக்கில் குத்தல் இல்லை. 9.15: அரிநெல்லி, நனைந்த வைக்கோல், முடிவில் நெடுநேரம் துவர்ப்பு. எலி வாடை இல்லை.’