வெட்டர்லி துப்பாக்கிக்கு உதிரிபாகம் தேடுகிறீர்களா?

பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் பெயரை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்கிவிடாதீர்கள். வெட்டர்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் 1869 மாடலும் இத்தாலியின் 1870 மாடலும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் சுவிஸ் ரகத்தின் தோட்டாவைப் பற்றவைக்க விளிம்பில் தட்ட வேண்டும். அதனால் தோட்டாவைத் தட்டும் ஊசியின் முனை கவை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். இத்தாலிய ரகத்தில் ஒற்றை முனை, தோட்டாவின் நடுவில் தட்டும். ஒன்றின் ஊசி மற்றதற்கு உதவவே உதவாது.

சந்தேகமா? குழலின் பின்முனைப் பகுதியைத் துடைத்துப் பாருங்கள். பிரெஸ்சியா, தெர்னி, டோரே அன்னுன்சியாடா என்று ஊர்ப்பெயரும் ஆண்டும் தெரிந்தால் அது இத்தாலியத் துப்பாக்கி. குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாகப் போகும் குழாய் இருந்தால் பெரும்பாலும் சுவிஸ். இத்தாலியர்கள் 1887-இல்தான் நான்கு தோட்டா பிடிக்கும் பெட்டியை அடியில் பொருத்தினார்கள்.

அப்புறம் திருகாணி. அந்தக் காலத்துத் திருகாணிகளின் மரை இன்றைய அளவுகளோடு ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம். கடையில் கிடைத்ததை வைத்து முறுக்கினால் துளையின் மரையே போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. பழைய திருகாணியை வெர்னியர் காலிப்பரில் அளந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். பணம் கட்டுவதற்கு முன், உங்கள் நாட்டில் அந்தப் பாகத்துக்கு உரிமம் வேண்டுமா என்றும் விசாரித்துவிடுங்கள்.