சிபிஎல் ஃபில்டர்: கேமராவைத் திருப்பினால் வளையத்தையும் திருப்புங்கள்

போன மாதம் ஒகேனக்கல்லில் ஒரு ஜோடிக்குக் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. உதவிக்கு வந்த தம்பி புதிதாக சிபிஎல் ஃபில்டர் வாங்கியிருந்தான். லென்ஸுக்கு முன்னால் மாட்டி, வளையத்தைச் சுற்றிப் பளபளப்பை அடக்கும் போலரைசர் கண்ணாடி அது. பாறை மேல் நின்று, கீழே பரிசலில் இருந்தவர்களை எடுத்தான். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து எடுத்த படங்களில் தண்ணீர் கரும்பச்சையாக, கரையோரப் பாறையின் அடி வரை தெரிந்தது. நெட்டுக்குத்தாக மாற்றி எடுத்த படங்களிலோ காவிரி முழுக்க வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசியது. "வெயில் மாறிடுச்சுண்ணே" என்றான். வெயில் மாறவில்லை. பல வருஷத்துக்கு முன் நான் செய்து, கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டிய அதே தவறு.

கண்ணாடியில் கைரேகை, மூடியைத் தொலைப்பது போன்ற சின்னத் தவறுகளை இங்கே சொல்லப் போவதில்லை. அவை தானாகவே பிடிபட்டுவிடும்.

"திருப்பினால் இருட்டவில்லை, போலி" என்று கடையில் சண்டை போடுவது

வெயிலும் பல்பு வெளிச்சமும் எல்லாத் திசையிலும் அதிரும் ஒளி. ஃபில்டர் அதில் ஒரு திசையில் அதிர்வதை மட்டும் விடும். ஏறக்குறையப் பாதி போய்விடும். வளையத்தை எவ்வளவு சுற்றினாலும் அந்தப் பாதி கூடாது, குறையாது. ஏற்கெனவே ஒரே திசையில் அதிரும் ஒளி வந்தால்தான் திருப்புவதற்குப் பலன் உண்டு. தண்ணீர், கண்ணாடி, இலை, பாலிஷ் போட்ட கல் இவற்றில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி அப்படிப்பட்டது.

சோதிக்க வேண்டுமானால் லேப்டாப் திரைக்கு முன் பிடித்துச் சுற்றுங்கள். திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்வது. ஒரு கட்டத்தில் இருட்ட வேண்டும். ஆனால் படம்பிடிக்கும்போது காட்சியைப் பார்க்கும் பக்கம்தான் திரையைப் பார்க்க வேண்டும். சிபிஎல்லின் பின்பக்கம் இன்னொரு தகடு இருக்கிறது. மாற்றிப் பிடித்தால் எப்படிச் சுற்றினாலும் இருட்டாது. நல்ல ஃபில்டரை இப்படிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேமராவைத் திருப்பிவிட்டு ஃபில்டரை மறப்பது

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் ஆலைக்குக் கேட்லாக் எடுக்கும் வேலை வந்தது. கறுப்புக் கற்களும் ஊதாச் சுழி ஓடும் பாரடிசோவும் ஷெட்டுக்குள் வரிசையாக நிறுத்தியிருந்தன. நேர் எதிரே நின்றால் கல்லில் என் முகமே தெரியும் என்பதால் பக்கவாட்டில் நின்றேன். அப்போது ஷெட் வாசலின் வெளிச்சம் கல்லில் விழுந்தது. ஃபில்டரைத் திருப்பினேன், வாசல் மறைந்து கல்லின் நிறம் மட்டும் நின்றது. அகலமான கற்களை அப்படியே எடுத்து முடித்தேன். உயரமாக அறுத்த கற்களுக்குக் கேமராவை நெட்டுக்குத்தாக்கினேன். வளையத்தைத் தொடவில்லை.

கேமரா 90 பாகை திரும்பியபோது அதன் மேல் மாட்டிய ஃபில்டரும் 90 பாகை திரும்பிவிட்டது. அதுவரை முழுக்க அடக்கிய வாசல் வெளிச்சத்தை இப்போது முழுக்க உள்ளே விட்டது. ஆட்டோவில் வைத்திருந்ததால் எக்ஸ்போஷரும் படத்துக்குப் படம் மாறியிருந்தது. கறுப்புக் கல் ஒரு பக்கத்தில் மை போலவும் அடுத்த பக்கத்தில் சாம்பல் போலவும் வந்தது. முதலாளி படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "ஒரே கல்ல ரெண்டு கல்லு மாதிரி காட்டுனா, வாங்குறவன் எதை நம்புவான்?"

கம்ப்யூட்டரில் சரிசெய்யப் பார்த்தேன். வெளிச்சம் வெளுத்த இடத்தில் கல்லின் புள்ளியும் சுழியும் பதிவாகவே இல்லை. பதிவாகாததை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. இரண்டு நாள் கூலி, வண்டி வாடகை எல்லாம் என் தலையில் விழ, மறுபடி எடுத்துக் கொடுத்தேன். பணம் போனதைவிட, வ்யூஃபைண்டரில் கண்ணெதிரே தெரிந்ததை அன்று நான் பார்க்காமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மாலஸ் விதி வரும். பாரிஸில் ஒரு மாளிகையின் சன்னலில் பட்டுத் திரும்பிய வெயிலை 1808-இல் ஒரு படிகத்தின் வழியே பார்த்தவர் மாலஸ். மறு வருஷம் அவர் சொன்ன விதி இது. வரும் ஒளி அதிரும் திசைக்கும் ஃபில்டரின் திசைக்கும் உள்ள கோணத்தின் கொசைனை இருமடியாக்கினால், எத்தனை பங்கு ஒளி கடக்கும் என்பது கிடைக்கும். 0 பாகையில் முழுதும், 30-இல் முக்கால், 45-இல் பாதி, 60-இல் கால், 90-இல் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கில் தொழிலுக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. முழு இருட்டு நிலையிலிருந்து 10 பாகை விலகினால் வெறும் 3 சதவீதம்தான் கசியும். 20 பாகை விலகினால் 12 சதவீதம், 30 என்றால் 25. ஷெட் வாசல் கறுப்புக் கல்லைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதில் 12 சதவீதமே படத்தைக் கெடுக்கப் போதும். அதனால் "ஏறக்குறைய சரி" என்று விடாதீர்கள். மிக இருட்டான இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப வந்து நிறுத்துங்கள்.

என் ஃபில்டர் வளையத்தில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். படுக்கையாகப் பிடிக்கும்போது புள்ளி வானத்தைப் பார்த்திருந்தால், நெட்டுக்குத்தாக்கிய பிறகும் அது வானத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு விநாடி வேலை.

நேராக நின்று பலன் எதிர்பார்ப்பது

பளபளக்கும் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து தண்ணீருக்கு 53, கண்ணாடிக்கு 56 பாகை அளவில் பார்த்தால்தான் முழுப் பலன். கிரானைட்டும் கண்ணாடிக்கு அருகில்தான். நேர் எதிரே நின்றால் ஒன்றும் நடக்காது.

ஷட்டரைப் பார்க்காமல் விடுவது

ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைச் சாப்பிடும். ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும். 1/250 விநாடி ஷட்டரில் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு, ஒன்றரை ஸ்டாப் போனால் கேமரா தானாக 1/90 பக்கம் இறங்கிவிடும். பரிசல்காரர் ஒரு சுற்று சுற்றிவிட்டால் அந்த வேகத்தில் முகம் நிற்காது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுங்கள்.

நகை, குத்துவிளக்கு

உலோகத்தின் பளபளப்பை இது அடக்காது. கழற்றி வையுங்கள்.

அகல லென்ஸில் வானம்

சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள வானம்தான் அதிகம் கறுக்கும். கிருஷ்ணகிரி அணையை அகல லென்ஸில் எடுத்தால் வானத்தின் நடுவில் மட்டும் கருநீலப் பட்டை விழும்.

அருவிச் சாரலில் வானவில்

வானவில்லின் ஒளியும் பெரும்பாலும் ஒரே திசையில், வில்லின் வளைவை ஒட்டியே அதிர்வது. தண்ணீரின் பளபளப்பை அடக்கத் திருப்பி வைத்த அதே நிலை, வில்லின் உச்சியையும் சேர்த்து அழித்துவிடும். ஒகேனக்கல்லில் சாரலுக்கு மேல் வில் தெரியும்போது நான் வளையத்தை 90 பாகை திருப்பிவிடுகிறேன். கீழே தண்ணீர் கூசத்தான் செய்யும். வில் எடுப்பாக நிற்கும்.