வயல் அளக்கிற சாட்டில கணக்கு காட்டுறது எப்பிடி?

வவுனியாப் பல்கலைக்கழகத்திலயோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலயோ படிக்கிற ஆக்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு கணக்கு நிகழ்ச்சி செய்யப் போறதெண்டா புரொஜெக்டரை விட்டுட்டு ஒரு நீட்டு அளவு நாடாவும் நாலு தடியும் கொண்டு போங்கோ, கல்குலேட்டர் போனிலயே இருக்கு. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வயலுக்கு இறங்குங்கோ (வயல்காரரிட்ட முதலே கேட்டுட்டு, நாத்து நிக்கேக்க வேண்டாம்).

கோணல் வயலெண்டா எதிர்ப்பக்கம் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி மற்றச் சோடியையும் அப்பிடியே செய்து பெருக்கிறது சுகமான வழிதான், ஆனா மூலையெல்லாம் செங்கோணமா இல்லாட்டி அது எப்பவும் கூடத்தான் காட்டும். 40, 30, 40, 30 மீற்றர் பக்கங்கள் எண்டா அந்தக் கணக்கில 1200 சதுர மீற்றர் வரும். இப்ப மூலைக்கு மூலை நாடா பிடியுங்கோ, அது 30 எண்டு வைப்பம். வயல் ரெண்டு முக்கோணமாகுது. ஒண்டின்ர மூண்டு பக்கத்தையும் கூட்டிப் பாதியெடுத்தா 50, அதில ஒவ்வொரு பக்கமாக் கழிச்சா 10, 20, 20, இந்த நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 447 சொச்சம். ரெண்டுக்கும் 894. எங்கட ஊரில நிலம் அளக்கிற அலகான ஒரு பரப்பு கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர், அப்ப 1200 இல 894 ஐக் கழிச்சா ஒரு பரப்புக்கு மேல காத்தில போகுது, குத்தகைக்கு எடுக்கிறவருக்கு இது சின்ன விசயமோ?

நேரம் மிஞ்சினா மழையையும் கேளுங்கோ: 1 சதுர மீற்றரில 1 மில்லிமீற்றர் பெய்தா 1 லீற்றர், அப்ப பள்ளிக்கூடக் கூரையில எவ்வளவு?