ஃப்ளோரா மர்ரே, லூயிசா கேரட் ஆண்டர்சன் இணையரைப் பற்றி ஊர் நூலகத்தில் உரையாற்றுவது எப்படி?

கொங்கு நாட்டில் இந்த உரையைக் கல்லறையிலிருந்து தொடங்குவது நல்லது. ஊர் எல்லையில் நடுகல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள், கல்லில் யார் பெயர் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கிலாந்தின் பென் என்னும் சிற்றூர்த் தேவாலயத்து மயானத்தில், ஃப்ளோரா (1869–1923), லூயிசா (1873–1943) ஆகிய இரு மருத்துவர்களின் பெயரையும் தாங்கிய கல்லில், பெருமகிழ்ச்சியோடு வாழ்ந்தோம் என்று பொருள்படும் வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் சற்று நிறுத்துங்கள். கோபி பக்கத்தில் ஒருமுறை நான் ஆண்டுகளை அடுக்கித் தொடங்கியபோது, மோர் வருவதற்குள் பின்வரிசை காலியாகிவிட்டது.

லூயிசாவின் நடுப்பெயரைக் கேட்டு, மேட்டுப்பாளையம் மண்டியை நினைத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்; அது அவருடைய தாயும் பிரிட்டனின் முன்னோடிப் பெண் மருத்துவருமான எலிசபெத்தின் பிறந்த வீட்டுப் பெயர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்து 1912இல் லூயிசா சிறை சென்றதையும், உண்ணாவிரதமிருந்து விடுதலையான பெண்களுக்கு ஃப்ளோரா சிகிச்சை அளித்ததையும் சேர்த்தே கூறுங்கள்.

முதல் உலகப் போர்க்காலப் பணிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1914இல் பிரிட்டிஷ் ராணுவம் பெண் மருத்துவர்களை ஏற்காது என்று உணர்ந்த இருவரும், பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தை அணுகி, பாரிஸில் ஓர் ஓட்டலையே மருத்துவமனையாக்கினார்கள். அதன் தரத்தைக் கண்ட ராணுவமே பிறகு லண்டன் எண்டெல் தெருவில் ஒரு மருத்துவமனையை அவர்களிடம் ஒப்படைத்தது. 1915இல் திறந்த அங்கே 573 படுக்கைகள் இருந்தன. பணியாளர்கள் ஏறத்தாழ அனைவருமே பெண்கள். அதுவரை பெண்களையும் குழந்தைகளையும் மட்டுமே பெரும்பாலும் கவனித்துவந்தவர்கள், அங்கே குண்டடிபட்ட ஆண்களுக்கு அறுவை செய்தார்கள். தொழுவுரம் இட்ட பிரெஞ்சு வயல்மண் காயத்துக்குள் போனால் எப்படிச் சீழ் பிடிக்கும் என்று நம் விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பிஸ்மத், அயோடோஃபார்ம், பாரஃபின் கலந்த கிருமிநாசினிப் பசையைத் தடவி, கட்டைப் பல நாள் பிரிக்காமலே அந்தக் காயங்களை அங்கு ஆற்றினார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இருவரையும் வெறும் ‘தோழிகள்’ என்று மழுப்பாதீர்கள். குரலைத் தாழ்த்திக் கிசுகிசு போலவும் சொல்லாதீர்கள். ‘வாழ்க்கைத் துணைவியர்’ என்பதே என் தேர்வு. சேர்ந்து வாழ்ந்ததும், ஃப்ளோரா 1920இல் வெளியிட்ட மருத்துவமனை வரலாற்றை லூயிசாவுக்குக் காணிக்கையாக்கியதும், அந்தக் கல்லும் அதற்குச் சான்று.

“ஏனுங்க, அவிங்க கண்ணாலம் கட்டிக்கலீங்களா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இரு பெண்கள் மணந்துகொள்ள அன்றைய சட்டத்தில் இடமில்லை என்று நேராகச் சொல்லுங்கள். வாக்குரிமை எப்போது கிடைத்தது என்று கேட்டால், பிரிட்டனில் 1918இல் 30 வயது கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு என்றும், சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது என்றும், பிரிட்டனில் ஆண்களுக்கு நிகரான உரிமை 1928இல் வந்தபோது ஃப்ளோரா உயிரோடு இல்லை என்றும் பதில் சொல்லலாம்.